கலாசி குழந்தைவேலின் காலில்லாப் பலகை

நிலக்கரிச் சுரங்கத்தில் கலாசி வேலை பார்த்த குழந்தைவேலுக்கு இந்த உலகத்தில் தூக்க முடியாத சாமான் என்று ஒன்று கிடையாது. கப்பலில் வந்து, ரயிலில் வந்து, பெட்டி பெட்டியாக இறங்கிய இரும்பையெல்லாம் கயிறு கட்டி, சங்கிலி மாட்டி, கட்டை அண்டக் கொடுத்து நிமிர்த்துகிறவர்கள்தான் கலாசிகள். மண் வெட்டுகிற பெரிய சக்கர மெஷின் இருக்கிறதே, கோயில் கோபுரத்தைப் படுக்கப் போட்ட மாதிரி, அதன் நீளக் கழுத்தை மேலே ஏற்றிப் பூட்டிய நாற்பது பேரில் அவனும் ஒருவன். வேலை முடிந்ததும் வெள்ளைக்கார இஞ்சினியர் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய கை போய்விட்டது. தட்டு மட்டும் முதுகிலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து அவன் நடையே மாறிப்போனது.

அப்பேர்ப்பட்டவன், ஒரு முழ அகலப் பலகையைத் தன் வீட்டுச் சுவரில் நிறுத்த முடியாமல் மூன்று மாதம் அல்லாடினான். பெண்டாட்டி அமிர்தம் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் பஸ் ஏறினாள். தப்பு யார் மேல் என்று கேட்டால் அவன் மேல்தான். சுவர் மேல் என்பான், ஷிப்டுச் சங்கு மேல் என்பான், பக்கத்து வீட்டுச் சாமிக்கண்ணு மேல் என்பான். நம்ப வேண்டாம்.

அவனுக்கு வேலை பெர்மனன்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கையில் கிடைத்தது அறுபத்திமூன்றாம் வருஷம் ஆவணியில். இரண்டு அறை, ஓர் அடுப்படி, கொல்லையில் குழாய். ஒரே வரிசையில் பத்து வீடு. ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அமிர்தம் கல்யாணச் சீராக வந்த பதினோரு பாத்திரத்தையும் கம்மாபுரத்திலிருந்து கட்டி எடுத்து வந்தாள். அண்டா, தவலை, வெண்கலப் பானை, குடம், கும்பா, சொம்பு என்று எல்லாம் பித்தளையும் வெண்கலமும். புளி போட்டுத் தேய்த்துக் காய வைத்தால் அறைக்குள் வெயில் அடித்த மாதிரி இருக்கும். ஆனால் வைக்க இடம் இல்லை. அடுப்படியில் இருந்த ஒரே சிமெண்டு மேடை உப்புக்கும் புளிக்கும் சரியாகப் போயிற்று. ஊரில் என்றால் பரண் இருக்கும், சுவரில் முளை இருக்கும். இங்கே பதினொன்றும் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் நின்று, "எங்கியாச்சும் கெளம்பறீங்களா?" என்று கேட்டார்கள். அதுதான் அமிர்தத்துக்குப் பொறுக்கவில்லை.

புரட்டாசியில் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அவளை ஒரு ஆபீசர் வீட்டுக்குக் கொலு பார்க்க அழைத்துப் போனாள். பேச்சியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அவள் புருஷன் சாமிக்கண்ணுவுக்குச் சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷனில் வேலை. ஆபீசர் வீட்டில் அமிர்தம் பொம்மையைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"சொவத்துலேர்ந்து பலகை தானா மொளச்சி வந்து நிக்குதுங்க. அடியில காலு இல்ல, மேல கயிறு இல்ல. அதுமேல வெளக்கு, பொஸ்தகம், அவ்ளோ சாமான்."

"இதுல என்னா அதிசயம்?" என்றான் குழந்தைவேல்.

"அதிசயம்னு சொல்லல. நம்ப வூட்டுக்கும் ஒரு பலகை வேணும்னு சொல்றன். காலு வெச்சதா இருந்தாலும் சரி."

"காலா? ஏ, மெஷின் கழுத்தையே அந்தரத்துல நிறுத்துனவன் நானு. எங்கிட்ட வந்து காலு வெச்ச பலகை கேக்கறியா? ஒரு ஞாயித்துக்கிழமை போதும்."

அது சுவர் கட்டும்போதே சுவரோடு சேர்த்து வார்த்த சிமெண்டுப் பலகை என்பது அவனுக்கும் தெரியாது, அமிர்தத்துக்கும் தெரியாது. பேச்சியம்மாளுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் வீட்டிலும் பலகை இல்லை. பக்கத்து வீட்டில் நிற்கிறதா பார்த்துவிட்டு நாமும் கேட்போம் என்று இருந்துவிட்டாள்.

குழந்தைவேல் முதலில் ஊர் வழக்கப்படி ஆரம்பித்தான். மண் சுவரில் முளை அடிக்கிறவர்கள் எப்படி அடிப்பார்கள்? சாயங்காலமே அந்த இடத்தைத் தண்ணீர் விட்டு ஊற வைப்பார்கள். காலையில் பூவரச முளையைச் செருகிச் சுற்றிலும் சாணி மண்ணை அப்புவார்கள். இரண்டு நாள் வெயிலில் சுவர் காய்ந்து முளையைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் மாட்டைக் கட்டினாலும் வராது. அவன் அப்பன் அப்படித்தான் அடித்தான், பாட்டன் அப்படித்தான் அடித்தான். எனவே இவனும் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து குடம் குடமாகச் சுவரில் தண்ணீர் ஊற்றினான்.

செங்கல்லும் சிமெண்டும் ஊறுமா? ஊறவில்லை. குடித்தது, அவ்வளவுதான். இந்தப் பக்கம் ஊற்றியது அந்தப் பக்கம் கசிந்தது. நைட் ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்கிக்கொண்டிருந்த சாமிக்கண்ணுவின் தலைமாட்டில், சுவரில் ஒரு ஈரம் பாய் அகலத்துக்குப் பரவியது. பம்ப் செக்‌ஷனில் இருக்கிறவனுக்குத் தூக்கத்திலும் தண்ணீர்தான் பயம். சுரங்கத்துக்கு அடியில் இருக்கிற ஊற்றுத் தண்ணீரை ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் மேலே வந்துவிடும். சாமிக்கண்ணு எழுந்தான், சுவரில் கை வைத்தான், காதை வைத்தான், துண்டோடு இந்த வீட்டு வாசலுக்கு ஓடி வந்தான்.

"வே குழந்தைவேலு, பம்பு எதும் நின்னுட்டா வே? பூமிக்குள்ள இருந்து தண்ணி சொவத்துல ஏறுது."

குழந்தைவேல் கையில் குடத்தோடு நின்றான். "அது நான்தாண்ணே. சொவர ஊற வெச்சிகினு இருக்கறன்."

"ஊற வைக்கியா? அரிசியா வே அது?"

"மொளை அடிக்கறதுக்குண்ணே."

சாமிக்கண்ணு போய்ப் பாயைத் திருப்பிப் போட்டுப் படுத்தான். காலையில் குழந்தைவேல் முளையை வைத்து ஒரு அடி அடித்தான். முளை குதித்துப் போய்க் கும்பாவில் விழுந்தது. இரண்டாவது அடி பெருவிரலில் விழுந்தது. சுவரில் வெள்ளையடித்த சுண்ணாம்பு மட்டும் அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்தது.

"ஊருல கவ்வுனுது," என்றான் விரலைச் சப்பிக்கொண்டே.

"அது நம்ப சொவரு. இது கம்பெனி சொவரு. ஒங்களத் தெரியாதில்ல," என்றாள் அமிர்தம்.

அடுத்து உளியை எடுத்தான். சுவரில் ஓர் இடத்தில் தட்டினால் உளி ணங்கென்று துள்ளியது, இன்னோர் இடத்தில் தட்டினால் சுலபமாக இறங்கியது. இறங்குகிற இடம்தான் நல்ல இடம் என்று முடிவு செய்தான். அது இரண்டு செங்கலுக்கு நடுவில் இருக்கிற கலவை. கலவைக்கு என்ன பிடிப்பு இருக்கும்? தோண்டத் தோண்டக் கொட்டியது. ஓட்டை முளையை விடப் பெரிதாகிவிட்டது. பரவாயில்லை என்று கோணித் துணியைச் சுற்றி முளையைத் திணித்தான். இன்னும் ஆடியது. மூங்கில் சிம்பு செருகினான். ஆட்டம் நின்றது. நின்றது என்று அவன் சொன்னான்.

உயரம் எவ்வளவு என்று அமிர்தத்தைக் கேட்கவில்லை. தன் கையைத் தூக்கி, விரல் நுனி பட்ட இடத்தில் கரியால் கோடு போட்டான். பாத்திரம் எடுக்கப் போகிறவள் அவள். அவளோ அவன் தோளுக்குத்தான் வருவாள். சமம் பார்க்க ஒரு கயிற்றை எடுத்து, தரையிலிருந்து இந்த முளை வரைக்கும் ஓர் அளவு, அந்த முளை வரைக்கும் அதே அளவு என்று பிடித்தான். கழுவிவிட்டால் தண்ணீர் ஓட வேண்டும் என்று தரையை வாசல் பக்கம் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். தரை சாய்ந்த மாதிரியே பலகையும் சாய்ந்தது.

மந்தாரக்குப்பத்தில் வாங்கிய மாம்பலகையை மேலே வைத்து ஆணி அடித்து, "வை," என்றான்.

அமிர்தம் மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாள். சொம்பை வைத்தாள். சொம்பு மெதுவாக உருண்டு வாசல் பக்கமாகப் போயிற்று.

"எங்க போவுது இது?"

"புதுப் பலகை. பழகணும்," என்று சொல்லிச் சொம்புக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டு வைத்தான். "ம், மீதிய வை."

"ஒண்ணு ரெண்டு வெச்சி ரெண்டு நாளு பாக்கலாங்க."

"பாக்கறதுக்கு என்னா இருக்குது? பதினொண்ணையும் வை."

பதினொன்றும் ஏறின. குழந்தைவேல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களையெல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னான். அந்தப் பெருமை உச்சி வெயிலிலிருந்து ஷிப்டுச் சங்கு ஊதும் வரைக்கும் இருந்தது. சங்கு ஊதியதும் உள்ளே கோயில் திருவிழா மேளம் மாதிரி ஒரு சத்தம். சங்கு அதிர்ச்சியில்தான் விழுந்தது என்று அவன் கடைசி வரைக்கும் சாதித்தான். பலகை, முளை, கோணி, சிம்பு, சுவரில் ஒரு கூடைக் காரை எல்லாம் தரையில் கிடந்தன. அண்டா தப்பித்தது. குடம் அண்டாவின் மேல் விழுந்து வயிற்றில் ஒரு கைப்பிடி அளவுக்கு நசுங்கியிருந்தது. அது அமிர்தத்தின் அம்மா தலையில் வைத்துத் தண்ணீர் சுமந்து, பிறகு மகளுக்குக் கொடுத்த குடம்.

அமிர்தம் அழவில்லை. குடத்தைத் தூக்கி, நசுங்கின இடத்தைத் தடவிப் பார்த்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டாள். தகரப் பெட்டியை மற்றக் கையில் எடுத்தாள்.

"எங்க போற?"

"அம்மா வூட்டுக்கு. இந்தச் சாமானுங்களுக்கு எப்ப எடம் ஆவுதோ அப்ப எனக்கும் எடம் ஆச்சின்னு ஆளனுப்புங்க. பொங்கலுக்குள்ள ஆவலன்னா, நான் அங்கியே பொங்கல் வெச்சிக்கறன். அப்பறம் வர்றதா வாணாமான்னு யோசிக்கலாம்."

குடத்தோடு பஸ்ஸில் ஏறியவளைப் பார்த்து, எங்கேயோ தண்ணீர்க் கஷ்டம் போலிருக்கிறது என்று எல்லோரும் இடம் விட்டார்கள்.

அப்போது கார்த்திகை பிறந்து பத்து நாள். குழந்தைவேல் தானே சோறு பொங்கித் தின்றான். ஒரு நாள் உப்பு இல்லை, ஒரு நாள் உப்பைத் தவிர ஒன்றும் இல்லை. வேலையில் கூட்டாளிகள், "குழந்தைவேலு, இந்த இரும்பு நிக்குமா, இல்ல சங்கு ஊதுனா வுழுந்துடுமா?" என்று கேட்டார்கள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். அமிர்தத்தின் அண்ணன் தனகோட்டியைத் தாங்க முடியவில்லை. தனகோட்டிக்கும் சுரங்கத்தில்தான் வேலை, கான்ட்ராக்டில். சாயங்காலம் கம்மாபுரத்துக்குச் சைக்கிளில் போகும் வழியில் இறங்கி, ஒரு காலை வாசற்படியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பான்.

"நின்னுச்சா மாப்ள?"

"நிக்கும் மச்சான்."

"தங்கச்சி கேக்கச் சொன்னுது."

"நிக்கும்னு சொல்லுங்க."

மூன்றாவது வாரத்தில் அவன் கேட்பதையும் விட்டுவிட்டான். வருவான், பார்ப்பான், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போவான்.

மந்தாரக்குப்பத்து இரும்புக் கடைக்காரர் நல்ல மனிதர். மடக்கி அடித்த இரும்புக் கால் ஒன்றை எடுத்துக் காட்டினார். "செங்கல்லுல துளை போட்டு, மரக்கட்டைய இறுக்கமா அடிச்சி, அதுல இந்தக் காலத் திருகிடுங்க. மேல பலகைய வெச்சா ஆயுசுக்கும் அசையாதுங்க."

"கால் வெச்சா அது பெஞ்சி," என்றான் குழந்தைவேல். "நான் கேக்கறது பலகை."

"வூட்ல சாமான் வைக்கத்தானுங்க?"

"சாமான் வைக்கத்தான். ஆனா கால் கூடாது. சொல்லிட்டன்."

யாரிடம் சொன்னான் என்று கடைக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனே ஒரு நிமிஷம் யோசித்திருப்பான்.

மார்கழி நடுவில் ஒரு மத்தியானம், பெரிய மெஷினின் நிழலில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவனே பூட்டின கழுத்து முன்னால் நீண்டு நிற்கிறது. அது ஏன் கவிழவில்லை? பின்னால் வால் பக்கம் ஒரு வீடு அளவுக்குப் பாரப் பெட்டி. முன்னால் இருப்பதைப் பின்னால் இருப்பது பிடித்து வைத்திருக்கிறது. குழந்தைவேல் சோற்றை மூடி வைத்துவிட்டான். ஆறு வருஷமாகப் பார்க்கிற மெஷின். தன் பலகைக்கு வால் இல்லை என்பது இன்றைக்குத்தான் புரிந்தது. வால் எங்கே வரும்? சுவருக்கு அந்தப் பக்கம். சாமிக்கண்ணு வீட்டில்.

ஷிப்டு முடிந்து நேராகப் பேச்சியம்மாளிடம் போனான். சாமிக்கண்ணு உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, சொவத்துல ரெண்டு ஓட்டை போட்டு ரெண்டு சட்டத்தைச் செருகப் போறன். எங்கூட்ல ஒரு மொழம் நீட்டும், ஒங்கூட்ல ஒரு மொழம் நீட்டும். ரெண்டு பக்கமும் பலகை. ஒங்களுக்கும் சேத்து நானே செஞ்சிடறன்."

"எங்களுக்கும் பலகையா? நீ நல்லா இருப்ப தம்பி. அதுல என்ன வேணும்னாலும் வச்சிக்கிடலாமா?"

"வெச்சிக்கலாம்க்கா."

அவன் இழுத்த இழுப்பில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. "வச்சிக்கிடலாமா, வைக்கணுமா?"

"வைக்கணும்."

"எவ்வளவு வைக்கணும்?"

"அமிர்தம் வைக்கற அளவு."

பேச்சியம்மாள் தன் சாமானை எண்ணிப் பார்த்தாள். வாயகன்ற பெரிய சருவம் ஒன்று, இரண்டு குடம், தண்ணீர் மொள்ளுகிற போணி நான்கு. "பத்தாதே தம்பி. அம்மிக் குழவியையும் தூக்கி வச்சிருதேன்," என்றாள். ஓசியில் வருகிற பலகையை விட்டுவிட அவளுக்கு மனசில்லை.

விறகுத் தொட்டியில் தேக்குச் சட்டம் இரண்டு கிடைத்தது. குழந்தைவேல் கடப்பாரையை எடுத்தான். மெல்லிய சுவர், அரை மணியில் அந்தப் பக்கம் போய்விட்டது. தலைமாட்டில் சுவரைப் பிளந்துகொண்டு வந்த இரும்பு நுனியைச் சாமிக்கண்ணு படுத்தபடியே பார்த்தான்.

"இப்ப என்ன வே? பயிர் நட்டிருக்கியா?"

"பலகைண்ணே. அக்காகிட்ட கேட்டுட்டன்," என்றது ஓட்டை.

சாமிக்கண்ணு எழுந்து வந்து, சட்டத்தைச் செருகுவதை முழுக்கப் பார்த்தான். தூக்கம் கெட்டாலும் புத்தி கெடாத ஆள். "ஓட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை சந்து கெடக்கு. சிமெண்டக் கொழச்சி இறுக்கிப்போடு வே. செத்தாலும் அசையாது," என்றான்.

நல்ல யோசனை. ஒரு சட்டிச் சிமெண்டில் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் குழந்தைவேல் சிரித்தான். "மெஷின் கழுத்துல யாராச்சும் சிமெண்டு போட்டு அப்புவாங்களாண்ணே? பாரம் முன்னும் பின்னும் பேசிக்கணும். இறுக்குனா முறிஞ்சிடும்."

"நீ கலாசி. நான் பம்புக்காரன். எனக்கென்ன," என்று போய்ப் படுத்தான் சாமிக்கண்ணு.

இந்தப் பக்கம் குழந்தைவேல் ஒரு பாத்திரம் வைத்தான். அந்தப் பக்கம் பேச்சியம்மாள் ஒன்று வைத்தாள். கனம் பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். அமிர்தம் எடுத்துப்போன குடத்துக்குப் பதிலாக ஒரு மண் சட்டி. கடைசியில் குழவி ஏறியதும் இரண்டு பலகையும் கோடு போட்ட மாதிரி நின்றன. அடியில் கால் இல்லை. மேலே கயிறு இல்லை.

மறுநாள் தனகோட்டி வந்தான். துண்டு வாய்க்குப் போகவில்லை. உள்ளே வந்து குனிந்து பார்த்தான், எட்டிப் பார்த்தான். நம்பாமல் பலகையின் விளிம்பில் ஒரு கையை ஊன்றி அமுக்கினான்.

"எவன் அமுக்குதது? எங்க பக்கம் தூக்குது," என்று சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

தனகோட்டி கையை எடுத்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போனான். "மாப்ள, சொவரு பேசுது."

"நிக்குதா இல்லியா, அதச் சொல்லுங்க மச்சான்."

"நிக்குது," என்றான் தனகோட்டி. அதை அப்படியே கம்மாபுரத்தில் போய்ச் சொன்னான். சுவர் பேசியதைச் சொல்லவில்லை. சொன்னால் தங்கச்சி வரமாட்டாள் என்று பயம்.

போகிக்கு இரண்டு நாள் முன்னால் அமிர்தம் வந்து இறங்கினாள். இடுப்பில் குடம் இருந்தது. தகரப் பெட்டி இல்லை. குழந்தைவேல் முதலில் அதைத்தான் பார்த்தான்.

"பொட்டி?"

"அங்க இருக்குது. பொங்கல் வரைக்கும் பலகையப் பாக்கறன். அப்பறம் பொட்டியப் பத்திப் பேசலாம்."

ஆனால் பலகையைப் பார்த்ததும் அவளால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ள முடியவில்லை. இந்தத் தடவை அவள் கைக்கு எட்டுகிற உயரம். அடியில் கையை விட்டுத் துழாவினாள், ஒன்றும் இல்லை. மண் சட்டியை எடுத்துவிட்டுக் குடத்தை, நசுங்கின பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தாள். வைத்ததுதான் தாமதம். பலகை ஒரு விரல் இறங்கியது.

"ஏ அமிர்தம், வந்துட்டியா? கொடத்த வச்சா சொல்லிட்டு வைக்கக் கூடாதா? இரு, நான் ஒரு போணிய வைக்கேன்," என்றது சுவர்.

அமிர்தம் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். அவ்ளோதான்," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் சோறாக்கணும்னா அவங்களும் ஆக்கணுமா?"

"ஆக்கத்தான போறாங்க."

அப்புறம் மூன்று நாள் அந்த வரிசையில் யாருக்கும் பொழுது போகாமல் இல்லை. "அக்கா, தவலைய எடுக்கறன்." "எடு, நான் ஒரு கொடத்த எடுத்துக்கிடுதேன்." "அக்கா, கும்பாவ வெச்சிட்டன்." "பொறு பொறு, குழவில மசாலா இருக்கு, கழுவிட்டு வைக்கேன்." பத்தாவது வீட்டுக்காரி வரைக்கும் இந்த இரண்டு வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரிந்துவிடும். பேச்சியம்மாள் அரைக்கிற அன்றைக்கு அமிர்தம் அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழந்தைவேல் மட்டும், "நிக்குதா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அமிர்தம் குழம்பைக் கிளறப் போய்விடுவாள். பெட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பொங்கல் அன்று காலையில் இரண்டு பெண்களும் பேசி வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் இந்தப் பக்கம் வெண்கலப் பானையும் அந்தப் பக்கம் இரண்டு போணியுமாக இறக்கினார்கள். வாசலில் அடுப்பு மூட்டினார்கள். வரிசை முழுக்கப் புகையும் கரும்புமாக இருந்தது. நைட் ஷிப்டு முடித்துச் சாமிக்கண்ணு வந்தான். நல்ல நாள், தலை முழுக வேண்டும் என்று உள்ளே போனான். வெந்நீர் கலக்கப் பெரியதாக ஒன்று வேண்டும். பலகையில் சருவம் இருந்தது. அதை மறைத்துக்கொண்டு குழவி இருந்தது. குழவியை எடுத்துத் தரையில் வைத்தான். சருவத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். சுவரிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னபோது தூங்கிக்கொண்டிருந்தான்.

இந்தப் பக்கம் நிலைப்படிக்கு மஞ்சள் கொத்துக் கட்டிக்கொண்டிருந்த குழந்தைவேல், பலகை தலையைக் கவிழ்ப்பதைப் பார்த்தான். ஒரே எட்டில் பாய்ந்து இரண்டு கையாலும் விளிம்பைத் தாங்கிக்கொண்டான். கும்பா ஒன்று சறுக்கி வந்து அவன் நெற்றியில் சாய்ந்து நின்றது.

"அண்ணே, வைங்க. திருப்பி வைங்க."

கொல்லையில் சாமிக்கண்ணு தலையில் தண்ணீர் ஊற்றும் சத்தம்தான் கேட்டது.

வெல்லம் எடுக்க உள்ளே வந்தாள் அமிர்தம். பார்த்தாள். அவசரப்படவில்லை.

"என்னா, பலகைய நீங்க தூக்கிகினு நிக்கிறீங்க? அதுவா நிக்கும்னு சொன்னீங்களே."

"சாமிக்கண்ணு அண்ணன் சருவத்த எடுத்துட்டாரு. போயி வைக்கச் சொல்லு."

"குளிக்கிற ஆம்பளகிட்ட நான் எப்பிடிப் போயிச் சொல்றது?"

"அப்ப ஒவ்வொண்ணா எறக்கு."

அமிர்தம் வெல்லத்தைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "எறக்கிட்டு?"

"எறக்கிட்டு, அவரு வந்ததும் திரும்ப வெக்கலாம்."

"வெச்சிட்டு?"

அவன் பிடியை மாற்றிப் பிடித்தான். நெற்றியில் வியர்வை கும்பாவுக்கு அடியில் இறங்கியது. மெஷின் கழுத்தை ஏற்றியபோது கயிறு பிடிக்க நாற்பது பேர் இருந்தார்கள், அண்டக் கொடுக்கக் கட்டை இருந்தது. இங்கே அவன் ஒருவன்தான், அண்டக் கொடுக்க அவனேதான்.

"அமிர்தம், பொங்கிக்கிட்டு வருது ஏ. ஓடியா," என்று வாசலிலிருந்து பேச்சியம்மாள் கூப்பிட்டாள்.

அமிர்தம் வெல்லத்தோடு போய்விட்டாள்.

வெளியே வரிசை வீடுகள் எல்லாம் சேர்ந்து, "பொங்கலோ பொங்கல்," என்று கூவின. தட்டு தட்டினார்கள். முதல் வருஷப் பொங்கல், வீட்டுக்காரன் சொல்லாமல் இருக்கக் கூடாது. குழந்தைவேலும் உள்ளே நின்றபடியே, கையைத் தூக்கியபடியே, "பொங்கலோ பொங்கல்," என்றான். குரல் பாதியில் நடுங்கியது. கும்பாவும் நடுங்கியது. அந்தப் பக்கம் சாமிக்கண்ணு இன்னும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தான். பம்ப் செக்‌ஷன்காரனுக்குத் தண்ணீர் என்றால் கணக்கே கிடையாது.

வெல்லம் போட்டுக் கிளறி, சூரியனுக்குப் படைத்து, எல்லாம் முடித்துத்தான் அமிர்தம் வந்தாள். கையில் வாழையிலைத் துண்டில் கொஞ்சம் பொங்கல். ஊதி ஆற வைத்து ஒரு வாய் அவன் வாயில் வைத்தாள். அவனுக்குத்தான் கை இல்லையே.

"இனிப்பு போதுமா?"

"ம்."

"இரும்புக் கால் எங்க விக்குதாம்?"

மென்று முழுங்கினான். "மந்தாரக்குப்பத்துல. ஆனா நாளைக்குக் கடை இருக்காது. மாட்டுப் பொங்கலு."

"நாளன்னிக்கு?"

"காணும் பொங்கலு."

"அதுக்கு மறுநாளு?"

குழந்தைவேல் பலகையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கையில் உணர்ச்சி போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

"மறுநாளு வாங்கியாறன்."

"எத்தினி?"

"மூணு."

"பேச்சியக்கா பக்கத்துக்கு?"

"அப்ப மொத்தம் ஆறு."

"ஓட்டைக்கு?"

"சிமெண்டு."

"எங்க அண்ணன் சாயங்காலம் வரும். அப்பிடியே பொட்டியையும் எடுத்தாரச் சொல்லி ஆளனுப்பறன்," என்றாள் அமிர்தம்.

அப்புறம்தான் இறக்க ஆரம்பித்தாள். சொம்பிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் முந்தானையால் துடைத்துத் துடைத்துத் தரையில் வைத்தாள். அண்டாவைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள்.